மகரந்தத்தின் நிறம்

டெக்வென் ஆன்ட்டி இருபத்தாறு வருஷம் எங்கள் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்ததும் சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அவர் மனதில் ஒரே ஒரு முள். இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடிவந்த புதிதில், தோட்டத்தில் மண்டியிருந்த நீலப்பூக் கிழங்குகளைத் தோண்டிப் பின்சுவருக்கு அப்பால் காட்டோரம் கொட்டியிருந்தார். அவை ஸ்பெயின் மணிகள் என்ற வெளிநாட்டுப் பூ என்பது, நாலு வருஷத்துக்கு முன் ஊர்க்கூடத்தில் ஒருவர் படம் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது. காட்டுக்குள் இருப்பவை இந்த மண்ணுக்கே உரிய எங்கள் குயில்மணிகள். இரண்டும் நெருங்கிய சொந்தம். பக்கத்தில் நின்றால் இனம் கலந்துவிடும். கலந்தால் எங்களுடையது மெல்ல மெல்ல இல்லாமல் போகும்.

பக்கத்துப் பண்ணை மெய்ரிக் விடமாட்டார். உன் ஸ்பெயின் பட்டாளம் எதுவரை வந்திருக்கிறது, என் ஆடுகளுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கவா என்பார். ஆன்ட்டி சிரித்துவைப்பார். அவர் வாசல் தாண்டிப் போனதும் சிரிப்பு நின்றுவிடும்.

மே கடைசியில் ஒரு காலை, அவர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்த என்னைக் கூப்பிட்டார். கையில் மண்வெட்டி. காட்டுக்குள் நூறடி தள்ளித் தண்டுகள் விறைப்பாக நிற்கின்றனவாம். குயில்மணி தலை சாய்த்து ஒரே பக்கம் தொங்கும். நிமிர்ந்து நின்று சுற்றிலும் பூப்பது ஸ்பெயின் மணி. மகரந்தம் பார்த்தால் தீர்ந்தது: நம்முடையது வெண்ணெய் நிறம், அது நீலம். புரை விழுந்த கண்ணுக்கோ இரண்டும் ஒன்று.

"மெய்ரிக்கைக் கேட்டா வேணும்னே நீலம்னுவான். நீ வாயே திறக்கமாட்டே, கண்ணு. உனக்குப் பொய்யும் வராது. நீலம்னா இன்னைக்கே அத்தனையும் தோண்டிடுறேன்."

மண்டியிட்டேன். தண்டுகள் நிமிர்ந்துதான் இருந்தன. கீழ்ப்பூக்கள் காயாகியிருந்தன, நுனியில் மட்டும் ஒன்றிரண்டு மணிகள், ஒரே பக்கமாக. விரலால் தொட்டேன். வெண்ணெய். அடுத்ததும் வெண்ணெய். பதினேழு தண்டு பார்த்தேன். ஆன்ட்டி மண்வெட்டிப் பிடியை விடவில்லை.

"எல்லாம் நம்மளுதுதான், ஆன்ட்டி. காய் பிடிச்சா இதுவும் நிமிர்ந்துக்குது."

அவர் ஈர இலைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு சுவரோரம் தேடினோம். அங்கே காஞ்சொறிச் செடிகளுக்கு நடுவே மூன்று தூர். என் விரலில் நீலம் ஒட்டியது. கிழங்கோடு பெயர்த்துச் சாக்கில் போட்டோம். அடுத்த மே மாதமும் பார்க்க வேண்டும் என்றார். குரலில் பழைய பாரம் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மெய்ரிக் வந்து நின்றார். பட்டாளம் என்னவாயிற்று என்று கேட்டார்.

ஆன்ட்டி சாக்கைத் தூக்கிக் காட்டினார். "மொத்தமே மூணு பேருதான், மெய்ரிக். சரணடைஞ்சுட்டாங்க."