கேட்பதற்கு நான்கு சொற்கள்

மதுரைக் கலெக்டர் கச்சேரி வாசலில் இங்கிலீஷ் மனு எழுதித் தருபவர் அவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். கேட்பதற்கு அவரிடம் நான்கு சொற்கள் இருந்தன: ஆஸ்க், ரிக்வெஸ்ட், ப்ரே, பெக்; கேட்பதில் தொடங்கிக் கெஞ்சுவது வரை. அதிகாரி உயர உயர, சொல் தாழும். ஆஸ்க்கை அவர் அன்றுவரை யாருக்கும் எழுதியதில்லை.

என் வாய்க்கால் மனுவுக்காக நான் காத்திருந்தபோது, எழுமலைக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். சாதியையே குற்றவாளியாக்கிய கைரேகைச் சட்டப்படி தினமும் இரவில் போலீஸ் சாவடியில் படுக்க வேண்டியவர். மனைவி நிறைமாதம் என்பதால் வீட்டில் தங்க அனுமதி வேண்டும்.

மனு எழுதுபவர் எழுதியதைத் தமிழில் சொன்னார்.

"கெஞ்சுறேன்னு போடாதீக அண்ணே. என் வீட்டுல படுக்கக் கேக்குறேன், அம்புட்டுத்தான்."

"தொரை கோவிப்பாருய்யா."

"கோவிக்கட்டும்."

எழுதுபவர் தாளைக் கிழித்தார். புதுத்தாளில் ஆஸ்க் என்று எழுதிக் கொடுத்தார்.

"உங்களுக்கு எப்படி எழுத?" என்று என்னிடம் கேட்டார்.

"வழக்கம்போல" என்றேன்.

என் முகத்தைப் பார்க்காமலே எழுதினார்.