முகுந்தனின் அசல் பச்சை

என் வீட்டுக்காரர் முகுந்தன் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்களையெல்லாம் சோதித்துப் பவர் சொல்கிற மனுஷன். வீட்டில் தேடுகிற பொருள் மட்டும் எதிரிலேயே இருந்தாலும் அவர் கண்ணில் படாது. சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவரை நம்பித்தான் கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் குகன் தன் பழைய மினி பைக்கைக் கொடுத்தார். பதினாறு வயதில் ஓட்டியது. வாங்கின அன்று இருந்த கலரையே திரும்ப அடித்துவிட்டால் வண்டி இவருக்கு. இல்லையென்றால் திருப்பித் தந்துவிட வேண்டும். அதுதான் பேச்சு. என்ன கலர் என்று கேட்டதற்கு, பச்சை மாதிரி இருக்கும், பார்த்தால் தெரியும் என்றாராம். இவருக்கோ அந்த வண்டிமேல் அப்படியொரு ஆசை.

வண்டி முழுக்க யாரோ கறுப்பு அடித்திருந்தார்கள். பெட்ரோல் டேங்கில் மட்டும் பழைய பெயின்ட் மிச்சமிருந்தது. அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் ரவாங்கில் இருக்கிற பெயின்ட் கடையெல்லாம் ஏறி இறங்கினார். ஒரு கடையில் கலர் பார்க்கும் மெஷினை டேங்கின் உச்சியில் வைத்தார்கள். இளம் பச்சை வந்தது. மெஷின் பொய் சொல்லாது என்று எனக்குப் பாடம் வேறு. வெயிலில் வைத்துப் பார்த்தார், டியூப் லைட்டில் பார்த்தார், என் பச்சைப் புடவையையும் விடவில்லை. மூன்று கோட் அடித்தார். டேங்கில் இருந்த கம்பெனிச் சின்னத்தின் திருகு துருவேறிக் கழல மறுத்ததால் அதை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டார்.

அண்ணன் வருவதற்கு முதல் நாள் நான் டேங்கைத் துடைத்தேன். திருகு உடைந்து சின்னம் கையோடு வந்துவிட்டது. அடியில் பளிச்சென்று வான நீலம்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. கல்யாணத்துக்கு முன், அம்மா வீட்டில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த டேங்கின் உச்சியில் மஞ்சளும் சந்தனமும் குழைத்து அப்பியவளே நான்தான். வெயிலில் வெளுத்த நீலத்தில் என் மஞ்சள் ஊறிப் பச்சையாகியிருக்கிறது. இவரிடம் அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சின்னத்தைப் பசை வைத்து ஒட்டிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் அண்ணன் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதே கலர்தான் என்று சொல்லி, பெயர் மாற்றுவதற்காக வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்ட்டை எடுத்து நீட்டினார். வாயை மூடிக்கொண்டு வாங்கியிருந்தால் வண்டி இவருடையது. நான்கூடக் கண் ஜாடை காட்டினேன். கேட்டால்தானே? சின்னத்தைப் பிய்த்து எடுத்தார்.

“மச்சான், தப்பு என் மேலதான். அசல் கலர் இந்த நீலம். சரியா பாக்காம அடிச்சிட்டேன். வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க.”

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ‘தப்பு என் மேல’ என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. மஞ்சளைப் பற்றி மூச்சு விடவில்லை. அவ்வளவு சிரித்த என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பினது நான்தான் என்று நானே அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கிராண்ட்டை இவர் சட்டைப்பையில் செருகினார்.

“நானும் பச்சைன்னுதானே சொன்னேன்? வச்சுக்குங்க லா மாப்பிள்ள. நீலம் அடிச்சிட்டு கூப்பிடுங்க, வரேன்.”

அடுத்த சனிக்கிழமை நானும் பெயின்ட் கடைக்குப் போனேன். மெஷினை எந்த இடத்தில் வைக்கலாம் என்று இவர் என்னைக் கேட்டார்.