அஞ்சலையம்மாவின் கழுத்து வழி

செவ்வாய்க்கிழமை காலை கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தேவனேரியிலிருந்து அஞ்சலையம்மாவின் தம்பி வந்தார். “அக்கா செத்துப் பூட்ச்சி, சிஸ்டர். நாலு நாளா ஜொரம்” என்றார். செங்கற்பட்டில் எங்கள் அறுவைப் பிரிவில் எல்லோருக்கும் அஞ்சலையம்மாவைத் தெரியும். அவர் எங்களிடம் எப்படி வந்தார் என்பது சிலருக்கே தெரியும்.

மீன் விற்றவர். தொண்டை அடைப்பான் நோயில் குரல்வளை சுருங்கிவிட, கழுத்தில் துளையிட்டு, மூச்சு விட வெள்ளிக் குழாய் பொருத்தி அனுப்பியிருந்தோம். துளையை விரலால் மூடினால் நாலு வார்த்தை பேசுவார். மூக்கில் காற்று ஏறாததால் மீனின் வாசனை தெரியாது. செவுளைப் பார்த்தே வாங்கினார்.

ஓர் ஐப்பசி மழையில் ஜட்காவிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். உதடு நீலம். குழாய் மடியில் இருந்தது. துளை தழும்பேறி மிளகளவுக்குச் சுருங்கியிருந்தது; எங்களிடமிருந்த மிகச் சிறிய குழாயும் நுழையவில்லை.

“ஏம்மா கழட்டினீங்க?” என்று கத்திவிட்டேன்.

“அது இல்லாம... உசுரோட கீறனான்னு... பாத்தேன்.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இழுப்பு.

படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும். உட்கார்ந்தபடியே டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். அஞ்சலையம்மா என் கையைச் சுரண்டி, “கண்ணாடி” என்றார்.

அறுப்பதைத் தானே பார்க்க வேண்டுமாம். நான் திகைத்தேன். டாக்டரோ, “குடுங்க சிஸ்டர். பாத்துக்கிட்டிருந்தா அசையமாட்டாங்க” என்றார். கண்ணாடியைப் பிடித்தபடி, சளி உறிஞ்சும் பம்பைக் காலால் மிதித்தேன்.

தழும்பைக் கீறியதும் ரத்தம் உள்ளே இறங்கியது. இருமினார், அப்புறம் மூச்சே இல்லை. கண்கள் செருகின. டாக்டர் துளையை அகட்டிக் குழாயைச் செலுத்தினார். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. பிறகு தழும்பு வளையத்தை வெட்டி எடுத்து, மறுபடி சுருங்காதபடி தோலை மூச்சுக்குழாயின் விளிம்போடு சேர்த்துத் தைத்தார்.

மறுநாள் விரலால் மூடிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “உள்ள செவசெவன்னு கீது சிஸ்டர், வஞ்சிரத்துச் செவுளாட்டம். ஒங்களுக்கும் அப்டித்தானா?”

“தெரியலியே, நான் என்னுதைப் பாத்ததில்லை” என்றேன். “அய்ய, இன்னா சிஸ்டர் நீ!” என்று தையல் வலிக்கச் சிரித்தார்.

அதன்பின் வாரம் ஒருநாள் தாமே பஸ் ஏறி வந்து, புதிதாகக் குழாய் வைத்தவர்களுக்கு அதைக் கழுவி மாட்டக் காட்டிக்கொடுப்பார். “கயட்டினா ஒடனே போடு. ஓட்டைக்கு நீ யாருன்னு தெரியாது, அது பாட்டுக்கு மூடிக்கும்” என்பார்.

அவரைப் பார்ப்பதற்கு முன், நோயாளியிடம் “அசையாதே” என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவள் நான். இப்போது குனிந்து, “என்ன செய்யப்போறோம்னு சொல்லட்டுமா?” என்று கேட்கிறேன். பலர் வேண்டாமென்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எப்போதாவது ஒருவர், “சொல்லு” என்கிறார். ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.