டாட் பிடித்த தலைக்கவசம்

சீர்த்தட்டு அலங்கரிப்பதுதான் என் வேலை. சடங்கு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு எது வந்தாலும் உத்தமபாளையத்தில் எங்கள் தெருவுக்கு யாராவது வந்துவிடுவார்கள். தேங்காய்க்குக் கண்ணும் மூக்கும் வைத்து மாப்பிள்ளை பெண்ணாக்குவேன். தெர்மாகோலில் மயில் வெட்டுவேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. அடுத்தவர் செய்த தட்டைப் பிரித்துப் பார்த்துக் கற்றது பாதி, சூடான பசையில் விரலைச் சுட்டுக்கொண்டு கற்றது மீதி. பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கும் ராவுத்தர் வீட்டு அக்கா என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்வது இதுதான்: "இவ கையில பழைய செருப்பக் குடுத்தாலும் சமிக்கி ஒட்டித் தாம்பாளத்துல வச்சிருவா." அது பாராட்டா திட்டா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

ஒரு நாள் மத்தியானம் என் தம்பி ஒரு சாக்கோடு வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, கோவப்படாத."

அவன் இப்படித் தொடங்கினால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். சாக்கைக் கவிழ்த்தான். பொன்நிறத்தில் ஒரு பெரிய பப்பாளியை மிதித்து நசுக்கியதுபோல ஏதோ விழுந்தது. நெற்றி ஒரு துண்டு, முகமூடி இரண்டு துண்டு, காதுப் பக்கம் எங்கே என்றே தெரியவில்லை.

"என்னடா இது?"

"தளபதியோட ஹெல்மெட்டு."

என் தம்பி மாட்டு வண்டிப் பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவன். செவலை, மயிலை என்று இரண்டு காளைகள் வைத்திருக்கிறான். இரண்டும் அவன் குரலைத் தவிர வேறு யார் சொல்லுக்கும் காதைக்கூட அசைக்காது. கூடலூருக்குப் பக்கத்தில் ராஜா காலத்துப் படம் ஒன்றை எடுக்க வந்தவர்கள் அந்த ஜோடியைப் பார்த்துவிட்டு, தளபதியின் ரதத்தை இழுக்கப் பேசிவிட்டார்கள். தளபதியாக நடிக்கும் கதாநாயகனுக்கு மாடு என்றால் பயம் என்றான் தம்பி. பயம் இல்லை, மரியாதை என்று படக் கம்பெனியில் சொன்னார்களாம். எதுவானாலும், முகத்தை மூடும் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கதாநாயகனுக்குப் பதிலாக ரதத்தில் நின்று ஓட்டப்போவது என் தம்பிதான்.

"நாளைக்குக் காலையில ரதம் ஓடுற சீன் அக்கா. ஹெல்மெட்டு இல்லன்னா மாட்ட வீட்டுக்குப் பத்திக்கிட்டுப் போயிருங்கன்னுட்டாக. ரதத்த டிராக்டர்ல கட்டி இழுத்துக்குவாகளாம்."

"அப்ப மாடு?"

"மாட்டக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சுக்குவாகளாம்க்கா."

அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது. அவன் கவலை நியாயமானது. ஊர் முகப்பில் 'வெள்ளித்திரையில் எங்கள் காளைகள்' என்று பிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அதில் செவலையும் மயிலையும் பெரிதாக, இவன் ஒரு மூலையில் ஸ்டாம்பு அளவில். நாளை மாடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு அந்த பிளெக்ஸுக்குக் கீழேதான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

"எப்படிடா உடைஞ்சுச்சு?"

"மாடு மிதிச்சிருச்சு."

"அது எப்படி மாட்டுக் காலடிக்குப் போச்சு?"

"அங்கன இருந்துச்சு, மிதிச்சிருச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். விசாரிக்க நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

அவன் போனிலேயே உடைப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். சினிமாவில் அவரை காஸ்ட்யூமர் என்கிறார்கள். "சென்னையிலேருந்து வேற வரவழைச்சா நாளைக்குள்ள வராதும்மா. உங்க தம்பி, எங்கக்கா செஞ்சிரும்னு அடிச்சுச் சொல்றாரு. செஞ்சிருவீங்களா?" என்றார். வாய் எனக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் போகும். "செஞ்சிருவேன் சார்" என்று அது போய்விட்டது.

அளவு எடுக்க வேண்டும். தம்பி ஒரு யோசனை சொன்னான்: பைக் ஹெல்மெட்டின்மேல் அட்டை ஒட்டிவிட்டால் என்ன?

அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். "அதுக்கு உங்கிட்ட பைக் ஹெல்மெட்டு இருக்கணும்ல. போலீஸ்காரரப் பாத்தா வண்டியத் தள்ளிக்கிட்டே வர்ற ஆளு நீயி."

சீர்த்தட்டு சுற்றும் கண்ணாடித்தாளை எடுத்து, மூக்கை மட்டும் விட்டு அவன் தலை முழுவதும் சுற்றினேன். அதன்மேல் அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். உள்ளேயிருந்து "ம்ம்... ம்ம்" என்று கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். "ஏத்தா, தம்பிய கொரியர்ல அனுப்பப் போறியா?" உள்ளே இருந்த "ம்ம்" சிரிப்பாக மாறி டேப் விட்டுப்போய், மறுபடியும் சுற்ற வேண்டியதாயிற்று.

பின்பக்கம் கத்தரித்துக் கழற்றியபோது அவன் தலை அப்படியே ஓடு மாதிரி கையில் வந்தது. அதைத் துண்டுகளாக வெட்டி, கல்யாண மேடைக்குப் பெயர் எழுத்து வெட்டும் தடித்த ஃபோம் ஷீட்டில் வைத்து வரைந்து அறுத்தேன். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஃபோம் வளைகிறது, உருளவில்லை. எப்படி ஒட்டினாலும் உச்சி கூம்பாக நின்றது. தளபதி ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்துக்கொண்டதுபோல இருந்தார்.

அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். "டாட் பிடிக்காம எப்படித்தா உருண்டை வரும்?" என்று காதிலிருந்த சாக்பீஸை எடுத்து, உச்சியை நோக்கி ஒல்லியான இலை இலையாகக் கோடு போட்டார். ஜாக்கெட்டில் துணியைக் கிள்ளி மடித்துத் தைத்து வளைவு வரவைக்கும் அதே டாட். அந்த இலைகளை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து நான் பசை வைக்க, அவர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டி அழுத்த, ஃபோம் மெல்ல மெல்லத் தலையாயிற்று.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, தளபதிக்கு ஜாக்கெட்டா தைக்கிறீக?"

"ஜாக்கெட்டுன்னா லேசா நினைச்சியா? உங்க படத்துல தலையே போனாலும் அடுத்த ஆளு வந்துருவான். எனக்கு அரை இஞ்சு தப்புனா கல்யாண வீட்டுல கால் வைக்க முடியாது. தலையக் காட்டு."

காட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் நின்று போலீஸ் மாதிரி ஒரு சல்யூட் வைத்துக்கொண்டான்.

அத்தோடு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். நெற்றி வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு சிவப்புக் கல் வைத்தேன். ஒரு கல் வைத்தால் இரண்டு பக்கமும் பச்சைக் கல் கேட்கும், அது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். பிறகு விளிம்பில் தங்கநிற லேஸ். காதுப் பக்கம் சும்மா இருக்கிறதே என்று முத்துக் குஞ்சம். வேலை ஓட்டத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அக்காதான் இரண்டு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். "பொண்ணு லட்சணமா இருக்கு. மாப்பிள்ளை எங்க வேலை பாக்குறாரு?"

போட்டோ எடுத்து அனுப்பியதும் காஸ்ட்யூமர் கூப்பிட்டார். "அம்மா, அவர் சண்டைக்குப் போறாரும்மா. மண்டபத்துக்கு இல்ல."

எல்லாவற்றையும் உரித்தேன். கறுப்புப் பெயிண்ட் அடித்து, அது காய்ந்ததும் அதன்மேல் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சால் தங்க நிறத்தை ஒற்றி, டேபிள் பேன் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலையில் அக்காவும் என்னோடு கிளம்பினார். "என் டாட்டு எப்படி நிக்குதுன்னு பாக்கணும்ல." கூடலூர் வயல்காட்டில் ரதம் நின்றது. ஊர்க்காரர்கள் வரப்பு நெடுக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து டிபனே சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். காஸ்ட்யூமர் கழுத்தில் அளவு டேப்பும் சட்டையில் வரிசையாக ஊக்குமாக வந்து கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை சுத்தம்மா. ஆனா நேத்துக் கடையில வாங்கின குடம் மாதிரி பளபளன்னு இருக்கு. இது நிறையப் போர் பாத்த ஹெல்மெட்டும்மா. சரி, மண்ணைக் கிண்ணைப் பூசிப் பாப்போம். முதல்ல போட்டுக் காட்டச் சொல்லுங்க."

தம்பி போட்டுக்கொண்டு மாடுகளிடம் போனான். செவலை ஒரு பார்வை பார்த்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டுப் பின்னால் போனது. மயிலையும் கூடவே போக, ரதம் கோணலாகத் திரும்பி, குடை பிடித்திருந்த ஒருவர் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். தம்பி கவசத்தைக் கழற்றினான். மாடுகள் அவன் தோளில் முகத்தை வைத்தன. போட்டான். மறுபடியும் புஸ். பெயிண்ட் வாசனையும் புது முகமும் அவற்றுக்குப் பிடிக்கவில்லை. எத்தனை முறை மாற்றினாலும் அதே கதைதான்.

"டிராக்டர ரெடி பண்ணுங்கப்பா" என்று மைக்கில் யாரோ சொன்னார்கள். வரப்பில் டிபன் சாப்பிட்டவர்கள் கை அப்படியே நின்றது. டிராக்டர் உறுமியது. தம்பி கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"ஏலே, இங்கன பாரு. ஹெல்மெட்டுன்னா இந்த ஓட்டம் ஓடுற மாடு, நேத்து எப்படிடா பக்கத்துல போயி மிதிச்சுச்சு?"

தலையைக் குனிந்தான். "பருத்திக்கொட்டை வச்சேன்க்கா."

"எதுல?"

"ஹெல்மெட்டுலதான். வாளி அங்கிட்டு வண்டியில கிடந்துச்சு. ஹெல்மெட்டக் கவுத்துப் பாத்தேன், அளவாச் சட்டி கணக்கா இருந்துச்சு. செவலை தின்னு முடிச்சிருச்சு. தனக்கு இல்லைன்னு மயிலை காலத் தூக்கி வச்சிருச்சு."

அடிப்பதா சிரிப்பதா என்று யோசிக்க நேரமில்லை. ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டையும் தவிடும் கலந்த வாளி ரதத்துக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கை நிறைய அள்ளி, என் கவசத்தின் உச்சி, நெற்றி, கன்னம் எல்லா இடத்திலும் அப்பினேன்.

"ஐயோ அம்மா, என்னம்மா பண்றீங்க!" என்று காஸ்ட்யூமர் ஓடிவந்தார்.

செவலை மூக்கை நீட்டியது. முகர்ந்தது. பிறகு அந்தச் சொரசொரப்பான நாக்கை நீட்டி ஒரே இழுப்பு. மயிலை இந்த முறை விடவில்லை, மறுபக்கத்தை எடுத்துக்கொண்டது. தம்பி கவசத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்க, இரண்டும் ஆளுக்கொரு கன்னமாக நக்கின. நக்கிய இடத்தில் தங்கம் மங்கிக் கறுப்பு தெரிந்தது. டாட் பிடித்த இடுக்குகளில் தவிடு படிந்து பழைய பித்தளையில் ஏறிய களிம்பு போல நின்றது.

காஸ்ட்யூமர் கத்துவதை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "யாரும் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

டிராக்டரை அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில், செவலையும் மயிலையும் பந்தயச் சாலையில் போவதுபோல வயலை அறுத்துக்கொண்டு பறந்தன. கவசத்துக்குள்ளிருந்து வந்த "ஹேய்... ஹேய்" என்ற சத்தத்துக்கு வரப்பே எழுந்து நின்று விசிலடித்தது. விசில் சத்தம் கூடாது என்று மைக்கில் கெஞ்சினார்கள். யார் கேட்டார்கள்?

முடிந்ததும் ஊர்க்காரர் ஒருவர் தம்பியிடம் கேட்டார்: "எல்லாஞ் சரிப்பா, உன் மூஞ்சி எங்கயும் தெரியலையே?"

"மாட்டு மூஞ்சி தெரிஞ்சுச்சுல்ல மாமா" என்றான். அவன் இன்னும் கவசத்தைக் கழற்றவில்லை.

அக்கா என் தோளை இடித்தார். "டாட்டு ஒண்ணுகூட விடல, பாத்தியா?"

காஸ்ட்யூமர் அவசரமாக வந்தார். மறுநாள் கதாநாயகனின் முகத்தைக் கிட்டத்தில் எடுக்கிறார்களாம். அவர் அளவுக்கு இன்னொன்று வேண்டும், இதே மங்கல் நிறத்தில். "பெயிண்ட் என்ன கம்பெனிம்மா? வாங்கி அனுப்பிடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கவசத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

"பெயிண்ட் எல்லாம் அக்கா பாத்துக்கிருவாக சார். நீங்க ஹீரோ சாரை மட்டும் செவலை முன்னாடி வந்து கொஞ்ச நேரம் குனிஞ்சு நிக்கச் சொல்லுங்க."