பச்சையம்மாவின் தாலியும் பட்டாளத்துப் பென்ஷனும்

12-9-1940: பக்தவச்சலம் பட்டாளத்தில் சேர்ந்தார்.
1-11-1940 முதல்: குடும்பத்துக்கு மாதம் ரூ. 10-0-0
15-2-1942: சிங்கப்பூரில் காணாமற்போனார்.
1-4-1946 முதல்: விதவைப் பென்ஷன் மாதம் ரூ. 12-8-0
1-7-1949 முதல்: ஒன்றுமில்லை.

பக்தவச்சலத்தின் மனைவி பச்சையம்மா இராயபுரத்தில் எங்கள் சந்தில் குடியிருந்தார். மணிலாக்கொட்டை உடைக்கும் கிடங்கில் வேலை. வேலை உள்ள நாளில் ஆறணா. ஒரு மகள். பென்ஷன் வந்தால் வாடகையும் அரிசியும். வராவிட்டால் இரண்டில் ஒன்று. அவருக்கு வேண்டிய கடிதங்களை எழுதிக் கொடுத்தவன் நான்.

கணவர் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று 1946இல் காகிதம் வந்தது. பச்சையம்மா பென்ஷனை வாங்கிக்கொண்டார், தாலியைக் கழற்றவில்லை. காரணம் அடுத்த சந்து அம்புரோஸ். பக்தவச்சலத்தோடு ஒரே கப்பலில் போனவன். அவன் வீட்டார் மாதா கோயிலில் துக்கப் பூசைகூட வைத்துவிட்டார்கள். 1945 நவம்பரில் எலும்பும் தோலுமாக வந்து நின்றான். "நான் பாத்த வரிக்கும் மாமா உசுரோடதான் இருந்தாருக்கா" என்றான். பச்சையம்மாவுக்கு அது போதும். கணவரின் நீலச் சட்டையை மாதம் ஒருமுறை துவைத்துக் கொடியில் போடுவார்.

குழாயடியில் பக்கத்து வீட்டுத் தாயம்மா சும்மா விடமாட்டாள்.

"இன்னாமே, தாலியும் வோணும், தாலியறுத்தவ துட்டும் வோணுமா?"

"துட்டு சர்க்காரு குடுக்குது. தாலி அவுரு கட்னது. நடுவுல உனுக்கு இன்னாடி? கொடத்த எடு."

மறுமணம் செய்த விதவைக்குப் பென்ஷன் கிடையாது. ஆகவே ஆண்டுதோறும் ஓர் அதிகாரி நேரில் பார்த்துச் சான்று தரவேண்டும். மூன்று ஆண்டுகள் பழைய அதிகாரி வராமலே கையெழுத்துப் போட்டார். 1949 மே மாதம் புதியவர் வந்தே விட்டார். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், கொடியில் ஆண் சட்டை.

"புருசன் எங்கேம்மா?"

"வருவாரு சார்."

மறுமணம் செய்துகொண்டவர் என்று அவர் அறிக்கை எழுதினார். ஜூலையில் பணம் நின்றது.

இரண்டு ஆண்டுகளில் ஏழு மனுக்கள் எழுதினேன். அறிக்கை அப்படி இருக்கிறது என்பதுதான் ஏழுக்கும் பதில். 1951இல் ஐந்து மாத வாடகை பாக்கி. மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கிடங்குக்குக் கூட்டிப்போனார்.

"கழுத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கான். அது இருக்கிறவரைக்கும் எந்த மனுவும் ஏறாது" என்றேன்.

"எடுத்துட்டா, நாளைக்கு அவுரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது நைனா?"



11-6-1951, திங்கட்கிழமை. யாரையும் கூட்டவில்லை, தாயம்மாவை மட்டும் கூப்பிட்டார். தாலியை அறுத்த பச்சையம்மா அழவில்லை. தாயம்மாதான் தெரு கேட்க அழுதாள்.

மறுநாள் எட்டாவது மனு. எதையும் தேதியோடு எழுதுவது என் வழக்கம். "11-6-1951 முதல் மனுதாரர் தாலி நீக்கி விதவையாக இருக்கிறார்" என்று எழுதினேன். கணவர் பெயரை அந்த வரியில் சேர்க்கவில்லை. இருந்தது ஒரே கணவர்தானே என்று விட்டுவிட்டேன். அதிகாரி மறுபடி வந்து, வெறும் கழுத்தைப் பார்த்து, அதே தேதியை எழுதிக்கொண்டு போனார். எட்டு மாதம் பதில் இல்லை.

பிறகு வந்த கடிதத்தைப் பச்சையம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுமணத்தால் நின்ற பென்ஷனை, இரண்டாம் கணவர் 11-6-1951 அன்று இறந்ததைக் காரணமாகக் கொண்டு மீண்டும் வழங்க விதியில் இடமில்லை. இனி இவ்விஷயமாக மனு ஏற்கப்படமாட்டாது.

"யாரு செத்ததா எழுதிக்கிறான்?"

"ரெண்டாவது புருஷன்."



"அப்போ அவுரு செத்துட்டாருன்னு இதுல இல்லியே நைனா?"

"இல்லை" என்றேன்.

காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளோடு கிடங்குக்குப் போனார்.

அந்தக் கடிதம் வந்த தேதி 19-2-1952.