அவளுக்கே கிடைத்திராத புலமைப்பரிசில்

என் சிநேகிதி இறந்த அடுத்த வசந்தத்தில், எங்களோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சிலி நாட்டில் பிறந்து, சிறுவனாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்தவர். இப்போது சொந்தமாக ஒரு கட்டட நிறுவனம் நடத்துகிறார்.

“அவளின்ரை பேரிலை ஒரு புலமைப்பரிசில் தொடங்கப்போறம். எங்கடை பல்கலைக்கழகத்துக்கு வாற லத்தீன் அமெரிக்கப் பிள்ளையளுக்கு. பழைய மாணவர்தான் காசு போடுகினம். நீயும் குழுவிலை இருக்கவேணும்.”

அவர் பேசியது பிரெஞ்சு. ஆனால் எனக்கு நெருக்கமானவர்கள் எந்த மொழியில் பேசினாலும் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் எனக்குள் தங்குகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

“நான் லத்தீன் ஆள் இல்லையே” என்றேன்.

“அதை அவள் ஒருநாளும் ஒத்துக்கொள்ளேல்லையே” என்று சிரித்தார்.

உண்மைதான். அவள் எல் சல்வடோரிலிருந்து தாயோடு வந்தவள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இரண்டு வீடுகளும் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில். ஒரே பஸ், ஒரே மெட்ரோ, ஒரே சிவில் எஞ்சினியரிங் வகுப்பு. மெட்ரோவில் என் முகத்தைப் பார்த்து ஸ்பானிய மொழியில் வழி கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். முதலாம் வருடத்திலேயே அவள் என்னை லத்தீன் அமெரிக்க மாணவர் சங்கத்தின் அறைக்கு இழுத்துப் போனாள். “இவள் எங்கடை ஆள்தான், நாடுதான் கொஞ்சம் தூரம்” என்று எல்லோருக்கும் சொன்னாள். அந்த அறையில்தான் நான் இந்த நாட்டில் முதன்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பக்கத்து நகரான லொங்குய்யில் பாலங்களைப் பரிசோதிக்கும் அலுவலகம் ஒன்றில் அவள் வேலை செய்தாள். ஒருநாள் காலை தலை இடிக்கிறது என்று சொல்லி மேசையில் தலையைச் சாய்த்தாள். பிறகு எழவில்லை. மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்ததாக மருத்துவர் சொன்னார். அதன் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவேயில்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போது உடுப்பு மடிக்கப் போவேன், உடுப்பை விட்டுவிட்டு வாசலுக்குப் போவேன்.

குழுவின் முதல் கூட்டம் ஒரு சனிக்கிழமை முற்பகல், டவுன்டவுனில் அந்தச் சிலிக்காரரின் அலுவலகத்தில் நடந்தது. புரொஜெக்டரிலிருந்து அவளுடைய படம் சுவரில் பெரிதாக விழுந்திருந்தது. அதன் கீழே, தொடக்கம் முதல் முடிவுவரை சிறந்த மாணவி, ஒருபோதும் தளராதவர் என்று எழுதியிருந்தது. அடுத்ததாகச் சிலிக்காரர் நிபந்தனைகளை வாசித்தார். உயர்ந்த புள்ளிகள் இருக்கவேண்டும். எந்தப் பாடத்திலும் தவறியிருக்கக் கூடாது. படிப்பை இடையில் நிறுத்தியிருக்கக் கூடாது.

நான் எழுந்து ஜன்னலடிக்குப் போய்த் திரும்பி வந்தேன். உட்கார முடியவில்லை.

“இந்த நிபந்தனையளின்படி அவளுக்கே இது கிடைச்சிராது” என்றேன்.

இரண்டாம் வருடத்தில் அவள் முக்கியமான பாடங்களில் கோட்டை விட்டவள். ஒரு வருடம் வெளியே இருந்துவிட்டு வரும்படி சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க ஒரு பேக்கரியில் வேலை செய்தாள். திரும்பி வரமாட்டாள் என்றே நாங்கள் நினைத்தோம். வந்தாள். வந்து, எல்லோரோடும் முன்போலவே சண்டை பிடித்துக்கொண்டு படித்து முடித்தாள். இந்தச் சிலிக்காரருக்கும் அது தெரியும்.

“தெரியும்” என்றார் அவர். “ஆனா அதையோ அவளின்ரை பேரிலை எழுதிறது? எங்கடை பிள்ளையளைப் பற்றி ஆக்கள் ஏற்கெனவே என்ன சொல்லுகினம்? படிக்க மாட்டினம், இடையிலை விட்டிட்டுப் போயிடுவினம் எண்டுதானே. நாங்களே அதை மேடையிலை ஏத்தவேணுமோ?”

எனக்கு அவர் மீது கோபம் வரவில்லை. எங்கள் தமிழ் விழாக்களிலும் முதலிடம் பெற்ற பிள்ளைகளைத்தான் மாலை போட்டு மேடையேற்றுகிறோம். தவறிய பிள்ளை உள்ள குடும்பம் அன்றைக்கு விழாவுக்கே வராது.

“தாய்க்கு எப்பிடியிருக்கும் எண்டு யோசிச்சனியோ?” என்று கேட்டார்.

“தாயையே கேப்பம். நான் போறன்.”

அன்று வீட்டில் நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்ததைக் கணவர் பார்த்தார்.

“ஏன் இப்பிடி அந்தரப்படுறீர்? ஒரு இடத்திலை இருமன்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்: “அவள் தவறினது தாய்க்குத் தெரியுமோ?”

“ஒரு வருஷமெல்லோ! தெரியாம எப்பிடி?”

அவர் தேநீர் போடப் போனார். நானும் அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டேன்.

என் சிநேகிதி தன் தாயை ‘மாமி’ என்று கூப்பிடுவாள். ஸ்பானிய மொழியில் அது அம்மாவைச் செல்லமாக அழைப்பது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நாங்கள் வேறு பெண்களை மாமி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுடைய தாய் எனக்கும் மாமிதான். சிநேகிதிகளின் அம்மாக்களை நாங்களும் அப்படித்தானே கூப்பிடுவோம்.

செயின்ட்-மிஷேல் வீட்டின் மூன்றாம் மாடிக்கு வெளிப்படிக்கட்டால் ஏறிப் போனேன். மாமி சோளமாவைத் தட்டி, உள்ளே சீஸ் வைத்து, கல்லில் போட்டுக்கொண்டிருந்தார். புலமைப்பரிசில் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும். மகளின் பெயரில் பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள் என்று இரண்டு முறை சொல்லி மகிழ்ந்தார். நான் நிபந்தனைகளைச் சொன்னேன்.

“அதுதான் மாமி, அவள் படிப்பை விட்டிருந்த அந்த வருஷத்தையும் யோசிக்கவேணும் எண்டு நான்…”

மாமி அடுப்பை நிறுத்தினார்.

“எந்த வருஷம்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் சொல் வாயை விட்டுப் போய்விட்டது.

“அவள் பயிற்சிக்கெல்லோ போனவள். பாலம் கட்டுற இடத்துக்கு. பல்கலைக்கழகம்தான் அனுப்பினது” என்றார் மாமி.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு தட்டில் இரண்டு ரொட்டியை வைத்து என் முன்னால் தள்ளினார்.

“சாப்பிடு. ஆறுது.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. “மாமி, போட்டு வாறன்” என்று கதவைப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு வந்த வாரங்கள் மிக மோசமானவை. நான் அழைத்தபோதெல்லாம் மாமி தொலைபேசியை எடுக்கவில்லை. வேலையில் ஒரே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றும் பார்க்காமல் இருந்தேன். ஒருநாள் அவருடைய படிக்கட்டில் பாதிவரை ஏறிவிட்டுத் திரும்பி இறங்கினேன். செத்துப்போனவள் தாயிடம் மறைத்து வைத்ததை நான் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. சிலிக்காரரிடம், மாமிக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நேரம் இருக்கவில்லை. கோடை முடிவதற்குள் நிபந்தனைகளைத் தரும்படி பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. கடைசிக் கூட்டத்துக்கு அவர் மரியாதைக்காக மாமியையும் அழைத்திருந்தார்.

மாமி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தேவாலயத்துக்குப் போகும் உடுப்போடு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். நிபந்தனைகள் வாசித்து முடியும்வரை கைப்பையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

“அந்த வருஷம் அவள் ஒவ்வொரு நாளும் தலைமயிரிலை வெள்ளைத் தூளோடை வருவாள். என்ன பிள்ளை எண்டு கேட்டால் சீமெந்து எண்டுவாள். காலம் முழுக்க மா பிசைஞ்சவள் நான். எனக்கு மாவுக்கும் சீமெந்துக்கும் வித்தியாசம் தெரியாதோ?”

மாமி கைப்பையை மேசையில் வைத்தார்.

“ஏதோ மறைக்கிறாள் எண்டு தெரியும். ஆரோ ஒரு பெடியனாக்கும் எண்டு நினைச்சன். கேட்டால் வீட்டை விட்டுப் போயிடுவாளோ எண்டு பயம். அவளுக்கு என்னிலை பயம், எனக்கு அவளிலை பயம். ஒரே வீட்டுக்குள்ளை.”

பிரெஞ்சு போதாமல் ஸ்பானிய மொழிக்கு மாறினார். சிலிக்காரர் எங்களுக்காக மெல்ல மொழிபெயர்த்தார்.

“முதலாவதா வாற பிள்ளையளுக்குக் குடுக்க ஊரிலை ஆக்கள் இருக்கினம். விழுந்து எழும்பி வாற பிள்ளைக்குக் குடுங்கோ. இல்லாட்டி என்ரை மகளின்ரை பேரை எடுத்துப்போட்டு வேறை ஆரின்ரையும் பேரை வையுங்கோ.”

கடைசி வசனத்தை மொழிபெயர்த்துவிட்டுச் சிலிக்காரர் பேனாவை எடுத்தார். அவர் அந்த மூன்று நிபந்தனைகளையும் அழித்தார். “ஆனா தவறினவை எண்டு எழுதமாட்டன். படிப்பு இடையில் தடைப்பட்டு மீண்டும் தொடர்பவர்களுக்கு எண்டு எழுதுவம்” என்றார். மாமி சம்மதித்தார்.

கீழே இறங்கும் லிஃப்டில் நானும் மாமியும் மட்டும் இருந்தோம்.

“மாமி, உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாது.”

“உன்னிலை பிழையில்லை, மகள். அவள் உனக்குச் சொன்னவள், எனக்குச் சொல்லேல்லை. அதுதான் எனக்கு ஆறுதில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.”

முதல் வருடம் தெரிவானவள் ஹொண்டுராஸ் குடும்பத்துப் பெண் ஒருத்தி. தாதியியல் படிப்பவள். பாடங்களில் தவறி, படிப்பை விட்டு, டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். இலையுதிர் காலத்தில் பரிசளிப்பு. விழா தொடங்கச் சற்று முன் அவள் மண்டப வாசலில் என் கையைப் பிடித்தாள்.

“நான் படிப்பை விட்ட கதையை மேடையிலை வாசிக்கவேண்டாம். அப்பாவும் அம்மாவும் வந்திருக்கினம். அவைக்குத் தெரியாது.”

ஓடிப்போய்ச் சிலிக்காரரிடம் சொன்னேன். “இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னனான்” என்று அவர் தலையில் கை வைத்தார். பக்கத்தில் நின்ற மாமி, அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார். ஸ்பானிய மொழியில் அவர் மெதுவாகப் பேசியதால் எனக்கும் விளங்கியது.

“எப்ப அவைக்குச் சொல்லப்போறாய்?”

“தெரியாது.”

“சரி. நாங்கள் வாசிக்கமாட்டம். அது உன்ரை வாயாலை வரவேணும். ஆனா சொல்லு. அவையும் உயிரோடை இருக்கேக்கை, நீயும் உயிரோடை இருக்கேக்கை.”

சிலிக்காரர் அவளுடைய பெயரையும் படிப்பையும் மட்டும் வாசித்தார். மாமி மேடையேறிப் பரிசைக் கொடுத்தார். தகப்பன் எங்கள் எல்லோருடைய கையையும் பிடித்து நன்றி சொன்னார். பிறகு மாமி போய் அந்தப் பெண்ணின் தாயருகே உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். சொல்லிவிடுவாரோ என்று நான் கோப்பித் தட்டோடு அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு, என்ன கதைத்தீர்கள் என்று கேட்டபோது, “வேலையைப் பற்றித்தான். அவவும் என்னை மாதிரி ஆபீஸ் துடைக்கிறவ” என்றார்.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு அந்தப் பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். வீட்டில் சொல்லிவிட்டாளாம். அம்மா அழுதாவாம். “அப்பா ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை. பேந்து கதைச்சார்” என்றாள். மாமியிடம் சொன்னபோது “நல்லது” என்று மட்டும் சொன்னார்.

அவர் மறுபடி என்னை வீட்டுக்கு அழைத்தது அதற்கும் பிறகுதான். இப்போது அடிக்கடி போகிறேன். அந்த ஒரு வருடத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். எந்தப் பேக்கரி, யாரோடு சாப்பிட்டாள், அழுதாளா, பஸ்ஸில் தூங்கினாளா. நான் சொல்கிறேன். சிலவற்றுக்குச் சிரிக்கிறார். சிலவற்றுக்கு எழுந்து போய் ஜன்னலடியில் நிற்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எப்போதோ சொல்லி முடிந்துவிட்டது. “இன்னும் ஏதோ இருக்கு, நீ சொல்லுறாயில்லை” என்கிறார். இல்லை மாமி என்றால் நம்புவதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் வீட்டிலிருந்து திரும்பும்போது, நான் மறந்தது ஏதாவது இருக்குமோ என்று மனதைக் கிளறிக்கொண்டே வருகிறேன்.