போசியில் போன மாவு

மூடியில் கடைப்பெயர் பொறித்த ஓர் எவர்சில்வர் தூக்குப்போசி. கழுவித் துடைத்த ஈரம் காயாமல், முருங்கைக்காய்க் கட்டோடு என் மேசைமேல் வந்து உட்காரும். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பாத்திரத்தைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்பீர்கள். பாத்திரத்தின் மேல் எனக்கு என்ன கோபம்? அதில் மாவு ஊற்றி அனுப்பிய அக்காவின் மேல்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு கடையில் கிரைண்டர் விற்றுக்கொண்டிருந்தேன். அஞ்சல் வழியில் வணிக நிர்வாகம் படித்தவன். வாங்குபவரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, பாதிக்குமேல் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். மோட்டாரின் குதிரைத்திறன், கல்லின் ரகம், உத்தரவாதம் என்று மூச்சுவிடாமல் சொல்வேன். எல்லாம் கேட்டுவிட்டு, “ஊட்ல கேட்டுட்டு வாரேனுங்க” என்று படி இறங்குவார்கள். எங்கள் தொழிலில் அதைவிடக் கொடிய சொல் இல்லை. அப்படிப் போனவர்கள் பத்தில் ஒருவர் திரும்பி வந்தால் அதிசயம். அந்த ஒருவரை வைத்தே கடையில் நான்தான் முதல் விற்பனையாளன் என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மூடிப்போன நூல்மில்லிலிருந்து வேலை இழந்து அந்த அக்கா வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் மில்லுக்கார அக்கா. தினமும் வீட்டிலிருந்தே அரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கொண்டுவந்து கடையில் ஆட்டிக் காட்டுவார். அதுவரை நாங்கள் ஆட்டிய மாவு முதலாளி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா முதலாளியிடம் கேட்டு இருபது போசிகள் வாங்கிவைத்தார். யாராவது “ஊட்ல கேட்டுட்டு வாரேனுங்க” என்றால் முகம் மலர்ந்துபோவார்.

“கேட்டுட்டே வாங்க அம்மணி, அவசரமே இல்ல. அதுக்குள்ள இந்த மாவுல நாலு இட்லி ஊத்திப் பாத்துபோடுங்க. போசிய அப்பறமாக் கொண்டாந்து குடுத்தாப் போதும்.”

அவ்வளவுதான். மூன்றாம் நாள், நான்காம் நாள் அவர்கள் வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்தில் அடுத்தவர் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரை, நாலு எலுமிச்சம்பழம், ஒன்றும் இல்லாவிட்டால் கறிவேப்பிலைக் கொத்தாவது போட்டுத்தான் தருவார்கள். அப்படி வந்தவர்களை அக்கா, “இட்லி பூவாட்டம் வந்துச்சுங்களா?” என்று கேட்பார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்ட பிறகு யார்தான் இல்லை என்பார்கள்? வாங்குவது என்று அவர்கள் முடிவு செய்த இடம் கடையே இல்லை, அவர்கள் சமையலறை. இது என் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அக்காவின் பெயரில் பில் ஏற ஏற, எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காமல் போயிற்று.

நானும் மாவு கொடுத்துப் பார்த்தேன். படித்தவன் அல்லவா, இன்னும் சுலபமாக்குவோம் என்று பாலிதீன் கவரில் கட்டிக் கொடுத்தேன். வாங்கிப்போனவர்கள் போனவர்கள்தான். அவர்களில் ஒரு பெண்மணி டவுன்பஸ்ஸில் என்னைப் பார்த்து, “மாவு அருமையா இருந்துச்சுங்க!” என்று மனதாரச் சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். மாவில் ஒன்றும் இல்லை, எல்லாம் போசியில்தான் இருக்கிறது என்பது எனக்கு அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. கொடுப்பதை எவரும் வாங்கிக்கொண்டு மறந்துவிடலாம். இரவல் வாங்கியதை மறக்க முடியாது.

அப்போது துடியலூரில் கிளை திறக்கப் போவதாகப் பேச்சு. பொறுப்பு எனக்கா அக்காவுக்கா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. திரும்பி வந்த போசிகளில் ஆறை எடுத்து, பரணில் காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு முதலாளியிடம் போய், “கடைச் சாமான் வெளியில போறது திரும்பி வரதில்லீங்க” என்றேன்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா நம்பவே இல்லை.

“வராம இருக்காதுங்க. நம்ம சனம் அடுத்தவங்க போசிய வெச்சுக்காதுங்க.”

“அப்பறம் எங்கீங்க போச்சு ஆறு போசி?”

அக்கா என்னைப் பார்த்தார். நெடுநேரமெல்லாம் இல்லை, ஒரு கணம்தான். “இனிமே பாத்துக் குடுக்கறேனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஊறவைத்த உளுந்தைக் கழுவப் போய்விட்டார். கிளை எனக்குக் கிடைத்தது. சில மாதங்களில் அக்கா போத்தனூர்ப் பக்கம் வேறு கடைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. துடியலூரில் நான் செய்த முதல் வேலை, இருபத்தைந்து போசி வாங்கியதுதான். முதலாளி அதைப் பெரிய யோசனை என்று நாலு பேர் முன்னால் மெச்சினார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது நான் கடைகடையாகப் போய் விற்பனையாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். மற்றதெல்லாம் சொல்லும்போது கொட்டாவி விடுகிறவர்கள், போசிக் கதை வந்ததும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நான் பெற்ற கைதட்டல் எல்லாம் அந்த ஒரு கதைக்குத்தான். அதுவும் எனக்கு உள்ளே குத்துகிறது. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அதற்கு நிகராக எனக்கென்று ஒன்று தோன்றவில்லையே! அக்காவுக்கு அது எப்படித்தான் தோன்றியதோ?

போன மாதம் ஒரு வகுப்பில், முன்வரிசையில் இருந்த பெண் எழுந்தாள்.

“இது யாரு ஐடியாங்க சார்? பேரு சொன்னீங்கன்னா எழுதிக்கறேனுங்க.”

நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தாள். அக்காவின் பெயர் எனக்கு மறந்துபோகவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“எழுதிக்க கண்ணு” என்று என் பெயரைச் சொன்னேன். தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று இனிஷியலையும் சேர்த்துச் சொன்னேன்.